அசெட்டிலீனும் அதன் அண்டை அணுக்களும்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி உள்ளது. பெங்களூரிலும் இதே பெயருடைய பகுதி ஒன்று உண்டாதலால், நாம் குறிப்பது மைசூர் ஹெப்பாளையே என்று முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. ஏரியும் வயலுமாக இருந்த இவ்விடம் இன்று பெரியதொரு தொழிற்பேட்டையாக விளங்குகிறது. இன்போசிஸ் நிறுவனத்தின் விரிந்த வளாகம் இங்கே இருக்கிறது. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தின் மைசூர்க் கிளையும் இங்கேதான் அமைந்துள்ளது. இவற்றுக்கு இடையே இரும்பை வெட்டுவதும், ஒட்டுவதும், கடைவதும், துலக்குவதுமான பட்டறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களுக்கு மைசூர் நெடுந்தொலைவன்று. ஆகவே இப்பேட்டை போன்ற இடங்களில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவதில் வியப்பில்லை. 'ஆகாசவாணி' என்னும் பெயரை வானொலி நிலையத்துக்கு முதன்முதலாகச் சூட்டியதும் இந்நகரமே. பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-ஆம் ஆண்டில் இங்கே தம் இல்லத்தில் நிறுவிய நிலையம் அப்பெயரைத் தாங்கியது. அத்தகைய ஊரை முன்னிட்டு ஒரு விஞ்ஞானச் செய்தியைத் தமிழில் ஆராய்வது பொருத்தமே.

நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அசெட்டிலீன் என்னும் வாயு. இரும்புப் பட்டறையில் வேலை செய்வோர் யாவரும் அதை அறிவர். பிராணவாயு அடைத்த கருநிறச் சிலிண்டருக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் மற்றொரு சிலிண்டர் நிற்கும். சிவப்பு ரப்பர்க் குழாய் அதிலிருந்து புறப்படும். அதன் திருகாணி மற்றவற்றைப் போல வலமாகத் திரும்பாமல் இடமாகத் திரும்பும். பிராணவாயுக் குழாயும் அசெட்டிலீன் குழாயும் தவறியும் மாறிப் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டு வாயுக்களும் சேர்ந்து எரியும்போது சுடரின் வெப்பம் 3,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. பற்றவைப்புத் தொழிலில் வேறு எந்த எரிவாயுச் சுடரும் இதற்கு ஈடாகாது.

இவ்வாயுவை 1836-ஆம் ஆண்டில் எட்மண்ட் டேவி என்பவர் முதலில் கண்டார். பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ அதை 1860-ஆம் ஆண்டையொட்டி மீண்டும் ஆராய்ந்து அசெட்டிலீன் என்று பெயரிட்டார். கால்சியம் கார்பைடின் மேல் நீர் பட்டால் இவ்வாயு வெளிப்படும் என்பதை 1862-இல் ஜெர்மானியரான வோலர் காட்டினார். 1892-இல் அமெரிக்காவில் வில்சன் என்பவர் மின் உலையில் கார்பைடை மலிவாக ஆக்கும் வழியைக் கண்டபின் அது உலகெங்கும் பரவியது.

அசெட்டிலீன் மூலக்கூறின் அமைப்பு மிக எளிது. இரண்டு கார்பன் அணுக்கள் நடுவே உள்ளன. இரு முனைகளிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணு உள்ளது. நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. இரு கார்பன்களுக்கும் இடையே ஒன்றுக்கு மூன்றாகப் பிணைப்புகள் அமைந்திருக்கின்றன. இத்தகைய முப்பிணைப்பை உடைய சேர்மங்களுக்கு அல்கைன்கள் என்று பெயர். பிணைப்பு ஒன்றே இருந்தால் இரு கார்பன்களின் இடைவெளி 154 பிகோமீட்டர், இரண்டானால் 134, மூன்றானால் 120. கயிற்றின் புரி கூடக் கூட இரு முனைகளும் நெருங்கி வருகின்றன என்று கொள்ளலாம்.

வலிமையும் அதே அளவில் மூன்று மடங்காகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அளந்து பார்த்தால் அப்படியில்லை. ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், இரட்டைப் பிணைப்புக்கு 614, முப்பிணைப்புக்கு 839. முதற் புரி 347 என்றால், இரண்டாவது புரி கூட்டியது 267, மூன்றாவது கூட்டியது 225 மட்டுமே. ஆகவே முப்பிணைப்பின் முதற் புரி உறுதியானது. மற்ற இரண்டும் அதைச் சுற்றித் தளர்வாகப் படர்ந்த எலக்ட்ரான் மேகங்கள். அவற்றை விட்டுக்கொடுத்து வேறு அணுக்களோடு புதிய ஒற்றைப் பிணைப்புகள் அமைத்துக்கொண்டால் மூலக்கூறுக்கு ஆற்றல் மிச்சமாகிறது. அல்கைன்கள் வினைக்கு விரைவதன் காரணம் இதுவே.

மற்றொரு காரணமும் உண்டு. அசெட்டிலீன் தன் மூலகங்களிலிருந்து உருவாகும்போது ஒரு மோலுக்கு ஏறக்குறைய 227 கிலோஜூல் ஆற்றலை உட்கொள்கிறது. அதாவது, சுருட்டி வைத்த சுருள்வில்லைப் போல ஆற்றலை உள்ளே அடக்கியிருக்கிறது. பிராணவாயு சிறிதும் இல்லாதபோதும், அழுத்தம் மிகுந்தால் அது தானே சிதைந்து வெடிக்கும். எனவே மற்ற வாயுக்களைப் போல இதை வெறும் சிலிண்டரில் அழுத்தி அடைப்பதில்லை. சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த திண்பொருளை நிரப்பி, அதில் அசெட்டோன் என்னும் திரவத்தை ஊறவைத்து, அத்திரவத்தில் அசெட்டிலீனைக் கரைத்து வைக்கிறார்கள். இச்சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்று பட்டறையில் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். படுக்க வைத்தால் அசெட்டோன் வாயுவோடு வெளியே வந்துவிடும். குழாயில் அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதிக்கும் சுருள்வில்லின் தன்மையே காரணம்.

இனி நம் முக்கிய வினாவுக்கு வருவோம். அசெட்டிலீனின் முனைகளில் இருக்கும் ஹைட்ரஜனை நீக்கி, அவ்விடத்தில் வேறோர் அணுவை வைத்தால் என்ன நிகழும்?

ஹைட்ரஜனை நீக்குவது இங்கே எளிது என்பதை முதலில் நோக்க வேண்டும். முப்பிணைப்புக் கார்பன் தன் எலக்ட்ரான்களைக் கருவுக்கு மிக அருகில் வைத்துக்கொள்கிறது. அதனால் ஹைட்ரஜனோடு பகிர்ந்த இணை எலக்ட்ரான்களையும் தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் சற்றே வறியதாகி, அமிலத்தில் உள்ள ஹைட்ரஜனைப் போல நடந்துகொள்கிறது. அமிலத் தன்மையை அளக்கும் எண் அசெட்டிலீனுக்கு ஏறக்குறைய 25, எத்திலீனுக்கு 44, ஈத்தேனுக்கு 50. இவ்வெண் ஒன்று குறைந்தால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாறோடு ஒப்பிட்டால் அசெட்டிலீன் அமிலமே அன்று. தன் உறவினரோடு ஒப்பிட்டால் பேரமிலம்.

ஹைட்ரஜன் விட்ட இடத்தில் உலோகம் வந்து அமர்ந்தால் கிடைப்பவை அசெட்டிலைடுகள். வேற்றணு என்று வேதியியலார் வழக்கமாகக் கூறுவது நைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம், குளோரின் போன்றவற்றையே. உலோகத்தை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் பட்டறையில் உயிர் காக்கும் பாடம் உலோகத்திலிருந்தே தொடங்குவதால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

கார்பைடு கல்லே ஓர் அசெட்டிலைடுதான். அதில் கால்சியம் தன் எலக்ட்ரான்களை முழுவதும் கொடுத்துவிட்டு மின்னூட்டம் பெற்ற அயனியாக விலகி நிற்கிறது. முப்பிணைப்புக் கார்பன் இணை எதிர்மின்னூட்டத்தோடு பக்கத்தில் நிற்கிறது. உப்பைப் போன்ற இவ்வமைப்பு உறுதியானது. சுத்தியால் உடைத்தாலும் வெடிப்பதில்லை. ஈரம் படாமல் காத்தால் போதும். இதே இடத்தில் செம்பு அமர்ந்தால் நிலை மாறிவிடுகிறது. செம்பு எலக்ட்ரானை முழுவதும் கொடுப்பதில்லை. கார்பனோடு பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கிறது. இப்பிணைப்பு நலிவானது. உள்ளே அடங்கிய ஆற்றலோ குறையவில்லை. ஆகவே உலர்ந்த செம்பு அசெட்டிலைடு உரசினாலும், தட்டினாலும், சூடுபட்டாலும் வெடிக்கிறது. வெள்ளியும் பாதரசமும் இதே குணத்தைக் காட்டுகின்றன.

இதனால்தான் அசெட்டிலீன் செல்லும் வழியில் செம்புக் குழாயை வைக்கலாகாது என்ற விதி எங்கும் வற்புறுத்தப்படுகிறது. செம்பு ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேற்பட்ட கலவைகளையும் விலக்குகிறார்கள். பித்தளை இணைப்புகள் கடையில் பலவாறாகக் கிடைக்கும். ரப்பர்க் குழாய் கிழிந்ததும், கையில் அகப்பட்ட செம்புத் துண்டை நடுவே செருகிக் கம்பியால் இறுக்கிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று ஒருவர் நினைக்கக் கூடும். அன்று ஒன்றும் நேராது. மறுநாளும் ஒன்றும் நேராது. குழாயின் உட்புறத்தில் செம்பழுப்பு நிறப் படிவு மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். பின்னொரு நாள் அதைக் கழற்றும்போது ஏற்படும் உரசலே போதுமானதாகிவிடும்.

விந்தை என்னவென்றால், குழாயில் பகையாக இருக்கும் அதே செம்பு, ஆய்வுக்கூடத்தில் திரவத்துக்குள் மிகச் சிறு அளவில் இருக்கும்போது பெருந்துணையாகிறது. அல்கைனையும், மூன்று நைட்ரஜன் அணுக்கள் தொடராக உள்ள அசைடு என்னும் சேர்மத்தையும் செம்பு இணைத்துவிடுகிறது. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷார்ப்லெஸ் குழுவினரும் டென்மார்க்கில் மெல்டால் குழுவினரும் தனித்தனியே இதை வெளியிட்டனர். இவ்விருவரும் பெர்டோசி அம்மையாரும் 2022-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். செம்பு அசெட்டிலைடு அங்கேயும் உருவாகத்தான் செய்கிறது. உலர்ந்து படியாமல், உருவான உடனே அடுத்த வினைக்குச் சென்றுவிடுவதால் அது தீங்கு செய்வதில்லை.

இப்போது உலோகமல்லாத வேற்றணுக்களைப் பார்ப்போம். ஒரு வேற்றணு முப்பிணைப்பின் முனையில் அமர்ந்தால் அது இருவகையில் செயற்படும். முதலாவது, பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பது. இழுக்கும் திறனைப் பாலிங் என்பவர் எண்களால் குறித்தார். அவ்வளவையில் ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, அயோடின் 2.66, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்ஸிஜன் 3.44. இரண்டாவது, வேற்றணுவிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணை இருந்தால் அதை முப்பிணைப்பின் மேகத்துக்குள் செலுத்துவது. ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுக்கும் வணிகனைப் போன்றது வேற்றணு. வரவு மிகுதியா, செலவு மிகுதியா என்பதைப் பொறுத்தே முப்பிணைப்பின் குணம் அமைகிறது.

குளோரினின் கணக்கை முதலில் பார்ப்போம். அது வலிமையாக இழுக்கிறது. அதனிடம் மூன்று தனித்த எலக்ட்ரான் இணைகள் உண்டு. ஆனால் அவற்றின் பரப்பு கார்பனுடையதைவிடப் பெரிது. ஒன்றோடொன்று நன்கு பொருந்தாமையால் கொடுப்பது குறைவு. மாறாக, அருகில் நெருங்கி நிற்கும் முப்பிணைப்பு மேகத்தோடு விலக்கம் ஏற்படுகிறது. ஆகவே இரு முனைகளிலும் குளோரின் அமர்ந்த டைகுளோரோ அசெட்டிலீன், அசெட்டிலீனைவிடவும் நிலையற்றது. காற்றுப் பட்டால் தானே தீப்பற்றக் கூடியது, வெடிக்கக் கூடியது, கடும் நஞ்சு. எலக்ட்ரான் வறுமையுற்ற அதன் கார்பன்களை, எலக்ட்ரான் மிகுந்த கந்தகச் சேர்மங்கள் எளிதில் தாக்கிச் சேர்ந்துகொள்கின்றன. நம் உடலில் அத்தகைய கந்தகச் சேர்மங்கள் நிறைய உண்டு. அதனால் சிறுநீரகமும் நரம்புகளும் தாக்குண்ணுகின்றன.

இப்பொருளை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஆயினும் அது தானே உருவாகக் கூடும் என்பதே கவலைக்குரிய செய்தி. உலோகப் பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க டிரைகுளோரோ எத்திலீன் என்னும் திரவத்தை உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இரட்டைப் பிணைப்பும், மூன்று குளோரினும், ஒரு ஹைட்ரஜனும் உடையது அது. காஸ்டிக் சோடா போன்ற வலிய காரத்தோடு அது சேர்ந்தால், காரம் அந்த ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் பிடுங்கிக்கொள்கிறது. இரட்டைப் பிணைப்பு முப்பிணைப்பாகிறது. எஞ்சுவது டைகுளோரோ அசெட்டிலீன்.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாக டிரைகுளோரோ எத்திலீனைப் பயன்படுத்திய காலத்தில், நோயாளி விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை நீக்குவதற்காகச் சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய குப்பியின் வழியாக மூச்சைச் சுழலவிட்டனர். சோடாச் சுண்ணாம்பு காரப்பொருள். கரியமில வாயுவை ஏற்கும்போது சூடாகவும் செய்யும். நோயாளிகள் சிலருக்கு முகத்தின் உணர்வு மரத்துப்போயிற்று. மண்டை நரம்புகள் செயலிழந்தன. பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டில் இச்செய்தி மருத்துவ இதழில் வெளியாயிற்று. குப்பியில் உருவான டைகுளோரோ அசெட்டிலீனே காரணம் என்று தெளிந்தபின் அம்மருந்தைச் சோடாச் சுண்ணாம்போடு சேர்க்கும் முறை கைவிடப்பட்டது. மருத்துவமனையில் நடந்தது பட்டறையிலும் நடக்கக் கூடும். பிசுக்கு நீக்கும் குளோரின் திரவத்தின் தொட்டியும் காஸ்டிக் தொட்டியும் அருகருகே இருப்பதும், ஒன்றில் தோய்த்த பாகத்தை வழியாமல் மற்றொன்றில் அமிழ்த்துவதும், இரண்டின் கழிவையும் ஒரே பீப்பாயில் ஊற்றுவதும் பெருந்தவறு. இத்திரவத்தின் ஆவி சுடரிலோ மின்வில்லிலோ பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவும் தோன்றும். ஆதலால் பற்றவைக்கும் இடத்தருகே இதை வைத்தலும் ஆகாது. டிரைகுளோரோ எத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருப்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

குளோரினின் குடும்பத்தைச் சேர்ந்த அயோடின் வேறு விதமாக நடக்கிறது. அதன் இழுப்புத் திறன் கார்பனுக்கு ஏறக்குறைய நிகர். உருவில் மிகப் பெரிது. முப்பிணைப்புக் கார்பன் பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்போது, அயோடினின் பின்புறத்தில், பிணைப்புக் கோட்டின் மறுமுனையில், எலக்ட்ரான் குறைந்த ஓர் இடம் வெளிப்படுகிறது. எலக்ட்ரான் மிகுந்த அணுக்கள் அவ்விடத்தை நாடுகின்றன. கார்பனை விட்டு அயோடினையே பற்றிக்கொள்கின்றன. இக்குணத்தை மனிதன் பயனாக மாற்றிக்கொண்டான். அயோடோபுரோபைனைல் பியூட்டைல் கார்பமேட் என்னும் நீண்ட பெயருடைய சேர்மம் பூஞ்சையைத் தடுப்பதற்காகச் சுவர் வண்ணங்களிலும் மரக் காப்புப் பூச்சுகளிலும் சேர்க்கப்படுகிறது. அதன் முப்பிணைப்பு முனையில் அயோடின் அமர்ந்திருக்கிறது. பூஞ்சையின் புரதங்களிலுள்ள கந்தகத்தை அது தாக்குகிறது. மழைக்காலத்தில் சுவரில் கருமை படராமல் காக்கும் பூச்சு டப்பாவில் ஓர் அல்கைன் இருக்கக் கூடும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்!

நைட்ரஜனுக்கு வருவோம். அது கார்பனுக்கு அடுத்த வீட்டுக்காரன். அளவிலும் ஏறக்குறைய ஒத்தது. அதனால் தன் தனித்த எலக்ட்ரான் இணையை முப்பிணைப்பு மேகத்துக்குள் தாராளமாகச் செலுத்த முடிகிறது. வாங்குவதைவிடக் கொடுப்பது மிகுதி. முப்பிணைப்பின் முனையில் அமினோத் தொகுதி அமர்ந்த சேர்மங்களுக்கு ஐனமீன்கள் என்று பெயர். நைட்ரஜனுக்குத் தொலைவிலுள்ள கார்பனில் எலக்ட்ரான் செறிவு கூடுகிறது. அருகிலுள்ள கார்பன் வறியதாகிறது. அசெட்டிலீனில் இரு கார்பன்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல வேறுபாடின்றி இருந்தன. இங்கே ஒன்று கொடுப்பதாகவும் மற்றது கேட்பதாகவும் பிரிந்துவிட்டன. ஒரு வினைப்பொருள் வந்தால் எந்த முனையில் சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆனால் இத்தாராளம் மிகையானது. ஐனமீனில் அமிலமும் நீரும் பட்டால் தொலைவுக் கார்பன் ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும்; அருகிலுள்ள கார்பன் நீரிலுள்ள ஆக்ஸிஜனைப் பற்றும்; முப்பிணைப்பு அழிந்து அமைடு என்னும் உறுதியான சேர்மமாக முடியும். ஆகவே ஐனமீன்களை ஆக்குவதும் காப்பதும் கடினமாயிருந்தன. 1963-இல் வீஹே என்னும் வேதியியலார் அவற்றை ஆக்கும் செவ்விய வழியை வெளியிட்டார். 1972-இல் அவர் குழுவினரே அவற்றை அடக்கும் வழியையும் காட்டினர். நைட்ரஜனின் மறுபக்கத்தில் எலக்ட்ரானை இழுக்கும் தொகுதி ஒன்றை வைத்தால், அது நைட்ரஜனின் இணையில் ஒரு பங்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. முப்பிணைப்புக்குச் செல்வது குறைகிறது. இவ்வாறு அமைந்த ஐனமைடுகள் குப்பியில் வைத்துக் கையாளத் தக்கவை. எந்த முனை கொடுக்கும், எந்த முனை வாங்கும் என்ற ஒழுங்கும் அவற்றில் மாறுவதில்லை. இவற்றைக் கொண்டு அமினோ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடுச் சங்கிலிகளை ஆக்கும் முறையைச் சீன வேதியியலார் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தனர். மருந்து ஆக்கத்துக்கு இது பயன்படத் தக்கது.

ஆக்ஸிஜன் நைட்ரஜனைவிட வலிமையாக இழுக்கும். கொடுப்பதில் சற்றுக் கருமி. ஆதலால் முப்பிணைப்பில் ஆக்ஸிஜன் அமர்ந்த எத்தாக்ஸி அசெட்டிலீன் போன்ற ஈதர்கள் நைட்ரஜன் சேர்மங்களைப் போன்றே, ஆனால் அவற்றைவிட நிதானமாக வினைபுரிகின்றன. நெதர்லாந்து வேதியியலார் ஆரென்ஸ் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். கந்தகத்தின் தனித்த இணை பெரிய பரப்பில் பரவியிருப்பதால் கார்பனோடு பொருந்துவது குறைவு. அதனால் கந்தக அல்கைன்கள் மேலும் அமைதியானவை. சிலிக்கனுக்குத் தனித்த இணையே இல்லை. அது இழுப்பதிலும் கார்பனுக்குப் பின்தங்கியது. ஆகவே முப்பிணைப்பின் முனையில் ஒரு மூடியாக அதை வைத்து, அமிலத் தன்மையுள்ள ஹைட்ரஜன் நிற்கும் இடத்தைக் காத்துவிட்டு, வேலை முடிந்ததும் மென்மையான காரத்தாலோ புளூரைடாலோ கழற்றிவிடுவது ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கம்.

முனையிலுள்ள ஹைட்ரஜனை மாற்றியதன் விளைவுகளை இதுவரை கண்டோம். முப்பிணைப்புக்குள்ளேயே ஒரு கார்பனை எடுத்துவிட்டு வேற்றணுவை வைத்தால் என்னாகும் என்பதையும் சிறிது காண்போம். கார்பனும் அதன் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் நைட்ரஜன் ஒன்றை வைத்தால் கிடைப்பது ஹைட்ரஜன் சயனைடு. எலக்ட்ரான் எண்ணிக்கை அசெட்டிலீனில் உள்ளதே, வடிவமும் நேர்கோடே, பிணைப்பு மட்டும் இன்னும் குறுகி ஏறக்குறைய 116 பிகோமீட்டராகிறது. குணமோ முற்றிலும் மாறுகிறது. உயிரணு பிராணவாயுவைப் பயன்படுத்த உதவும் நொதியிலுள்ள இரும்பை அது பற்றிக்கொண்டு மூச்சையே பயனற்றதாக்குகிறது. சேலம் வட்டாரத்தார் நன்கறிந்த மரவள்ளிக் கிழங்கில் இந்நஞ்சைத் தரும் பொருள் இயற்கையாகவே உண்டு. கிழங்கைத் தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து நீரை வடிக்கும் நம் வீட்டு வழக்கம் அந்நஞ்சை நீக்கும் முறையே.

நைட்ரஜனுக்குப் பதில் அதே குடும்பத்துப் பாஸ்பரஸை வைத்தால் கிடைக்கும் சேர்மத்தை 1961-ஆம் ஆண்டில் கீயர் என்பவர் முதன்முதலாக ஆக்கினார். பாஸ்பரஸின் உருவம் பெரிதாதலால் கார்பனோடு அதன் மேகங்கள் நன்கு பொருந்துவதில்லை. முப்பிணைப்பின் நீளம் 154 பிகோமீட்டருக்கு நீண்டுவிடுகிறது. அதாவது இரு கார்பன்களின் ஒற்றைப் பிணைப்பு நீளமே இங்கு முப்பிணைப்பின் நீளம். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் அச்சேர்மம் பூமியில் தங்காது. ஆயினும் நெடுந்தொலைவிலுள்ள ஒரு விண்மீனைச் சுற்றிய வாயு மண்டலத்தில் அது இருப்பதை வானியலார் 2007-இல் கண்டறிந்து வெளியிட்டனர்.

பாஸ்பரஸைப் பற்றிப் பேசும்போது கார்பைடு கல்லைப் பற்றி இன்னொரு சொல் சொல்ல வேண்டும். தூய அசெட்டிலீனுக்கு முகம் சுளிக்கும் நாற்றம் இல்லை. கார்பைடு கல் நனையும்போது எழும் பூண்டு போன்ற நாற்றம் அக்கல்லிலுள்ள அழுக்குகளிலிருந்து வருகிறது. பாஸ்பரஸ் ஹைட்ரஜனோடு சேர்ந்த பாஸ்பீன் அதில் முதன்மையானது. ஆர்சனிக் சேர்ந்த ஆர்சீனும் சிறிதளவு வருவதுண்டு. இரண்டும் நச்சு வாயுக்கள். பழத்தை இயற்கையாகக் கனிவிப்பது எத்திலீன். அசெட்டிலீன் அதைப் போல நடித்து, வலுக் குறைவாகவேனும், அதே வேலையைச் செய்கிறது. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தின் தோல் மஞ்சளாக இருந்தும் உள்ளே புளித்து வெளிறியிருப்பதை நாம் அறிவோம். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடை செய்கின்றன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த இடமுண்டு. 1950-ஆம் ஆண்டில் டாக்டர் வி. சுப்பிரமணியன் அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்ட இந்நகரில், இச்செய்தி சந்தைக்கூடை வரை சென்று சேர வேண்டியதாகும்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். முப்பிணைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. அதனருகில் அமரும் அணு எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது, அளவில் கார்பனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற மூன்றையும் கேட்டால் விளைவைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். கால்சியம் அமர்ந்தால் கையில் ஏந்தும் கல்; செம்பு அமர்ந்தால் வெடிபொருள்; குளோரின் அமர்ந்தால் நஞ்சு; அயோடின் அமர்ந்தால் பூஞ்சைக் காப்பு; நைட்ரஜன் அமர்ந்தால் மருந்து ஆக்கும் கருவி.

ஹெப்பாள் போன்ற பேட்டைகளில் சிலிண்டரின் மேலும் பீப்பாயின் மேலும் ஒட்டிய எச்சரிக்கைகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஊரைவிட்டு வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் அவற்றைப் படிக்க இயலாமல், பக்கத்தில் நிற்பவர் செய்வதைப் பார்த்துத் தாமும் செய்வது இயல்பு. பக்கத்தில் நிற்பவருக்கும் காரணம் தெரியாதிருந்தால் தவறு ஒருவரிலிருந்து மற்றொருவருக்குப் பரவும். ஆகவே மூத்த தொழிலாளர்கள் இளையோர்க்கு இவற்றைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்வது கடமை. அசெட்டிலீன் வழியில் செம்பைச் சேர்க்காதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். கசிவைச் சோப்பு நீரால் சோதியுங்கள், தீக்குச்சியால் அன்று. குளோரின் கலந்த பிசுக்கு நீக்கியையும் காஸ்டிக்கையும் ஒன்று சேர்க்காதீர்கள். காரணத்தோடு சொல்லிய விதி மனத்தில் தங்கும். எச்சரிக்கைச் சீட்டில் எழுதியிருப்பது விளங்காவிட்டால் மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே வேலையைத் தொடங்குங்கள். அவ்வாறு கேட்பதில் தாழ்வு ஒன்றுமில்லை.